ஐஸும் தண்ணீர்தான்

புக்கிட் ரோத்தான்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் குரல் பதிவைக் கேட்டேன். வீட்டில் நீ பாலில்லாமல் போடும் தே ஓ ஐஸ் முதல் இரண்டு மடக்கு நன்றாக இருக்கிறது, பாதிக் கிளாஸ் தாண்டினால் சாயம் போன தண்ணியாகிவிடுகிறது, ஏன் என்று கேட்டிருந்தாய். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலுக்கு நீயே போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாய் என்றும், அது சரியாக வந்தால் பெஸ்தாரி ஜெயா இரவுச் சந்தையில் ஒட்டுக்கடை போட்டுப் பார்க்கும் எண்ணம் இருக்கிறது என்றும் சொன்னாய். நல்ல காரியம். போனில் சொன்னால் அளவெல்லாம் மறந்துபோகும், அதனால்தான் எழுதுகிறேன்.

கேள்விக்குப் பதில் சின்னது. சூடாகக் குடிப்பதற்கான தேத்தண்ணியைப் போட்டுவிட்டு அதன் மேல் ஐஸைக் கொட்டுகிறாய். ஐஸும் தண்ணீர்தான். ஒரு கிளாசுக்கு உண்டான தூளைப் போட்டாய். குடிக்கிறவர் கையில் இருப்பதோ, ஐஸ் உருகி முடிக்கும்போது, இரண்டு கிளாஸ். கடையில் வாங்கும்போது ஐஸ் நிறையப் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று நாம் முணுமுணுப்போம். வீட்டில் அதே வேலையை நமக்கு நாமே செய்துகொள்கிறோம்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடு. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிர வைக்க 4.2 ஜூல் வெப்பத்தை எடுத்தால் போதும். ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு மட்டும் 334 ஜூல் தேவைப்படுகிறது. அந்த வெப்பத்தை ஐஸ் உன் தேத்தண்ணியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். வடிகட்டிய 200 மில்லி தேத்தண்ணி 80 டிகிரியில் இருக்கிறது என்று வை. அதை 5 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 175 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். அதாவது, ஊற்றிய அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தண்ணீர் சேர்ந்துவிடுகிறது, வாயில் வைப்பதற்கு முன்பே. அதே தேத்தண்ணியை மேசையில் வைத்து 30 டிகிரி வரை ஆறவிட்டு ஊற்றினால் 60 கிராம் உருகினால் போதும். மீதி ஐஸ் ஐஸாகவே நின்று, குடிக்கக் குடிக்க மெதுவாகக் கரையும்.

ஆகவே உனக்கு இரண்டு வழிதான். அவசரம் என்றால் சூடாகவே ஐஸில் ஊற்று, ஆனால் தூளை இரண்டு மடங்காக்கு. வழக்கமாக 200 மில்லிக்கு 2 கிராம் என்றால் இதற்கு 4 கிராம். நேரம் இருக்கிறது என்றால் ஆறவிட்டு ஊற்று, அப்போது ஒன்றரை மடங்கு, 3 கிராம் போதும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கரண்டிக் கணக்கை விட்டுவிட்டு ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு வாங்கிக்கொள். தூள் ரகத்துக்கு ரகம் கரண்டியில் நிற்கும் எடை மாறும். பொடித்தூள் அடங்கி உட்காரும், இலைத்தூள் காற்றோடு நிற்கும்.

இங்கே பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கடுப்பு வேண்டும் என்றால் தூளைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுகிறார்கள். பத்து நிமிடம் ஊறவிட்டு, வடிகட்டும் துணியை முறுக்கிப் பிழிந்தால் நிறம் வரும், அதோடு நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பும் வரும். குளிர்ந்த பிறகு அந்தத் துவர்ப்பு இன்னும் முன்னுக்கு நிற்கும், மறைப்பதற்குப் பாலும் இல்லை. பொடித்தூளுக்கு மூன்று நிமிடம், இலைத்தூளுக்கு நான்கைந்து நிமிடம். துணியைத் தூக்கித் தொங்கவிடு, சொட்டுவது சொட்டட்டும், பிழியாதே.

ஆறிய தேத்தண்ணி நம் தோட்டத்து ஆட்களுக்குப் புதிதில்லை. என் அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில், இருட்டோடு பெரட்டில் பேர் கொடுக்கப் போகும்போதே போத்தலில் தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு போவார். பால் கலக்க மாட்டார், வெயிலில் திரிந்துவிடும். மரம் வெட்டி முடித்துப் பசியாற உட்காரும்போது அது ஆறிக் கிடக்கும். இன்று நீ கஷ்டப்பட்டுக் கண்டுபிடிக்கப் பார்க்கிற பதம் அந்தப் போத்தலிலேயே இருந்தது என்று சொல்ல மாட்டேன். சீனி அளவுக்கு மீறி இருக்கும். வேலைக்குத் தெம்பு அதில்தான். ஆனால் கடுப்பாகப் போட்டு, ஆறவிட்டு, பிறகு குடிப்பது என்கிற ஒழுங்கு அதில் இருந்தது. ஐஸ் கிடைக்கும் நாள் அபூர்வம். மரத்தூளில் புதைத்துச் சாக்கில் சுற்றி வந்த கட்டியை உடைத்துப் போட்டால் பிள்ளைகளுக்கு அன்றைக்குத் தீபாவளி என்பார் அம்மா.

ஐஸ் போட்ட தேத்தண்ணி 1904இல் அமெரிக்காவில் பிறந்தது என்று ஒரு கதை நீயும் படித்திருக்கலாம். செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவர் இந்தியத் தேயிலையை விளம்பரப்படுத்த வந்தாராம், வெயிலில் சூடான தேத்தண்ணியை யாரும் சீண்டவில்லையாம், உடனே ஐஸைப் போட்டுக் கொடுத்தாராம். அவர் அதைப் பிரபலமாக்கியதில் பங்கு உள்ளவர், அவ்வளவுதான். 1879இல் வெளியான ஒரு வர்ஜீனியாச் சமையல் புத்தகத்திலேயே செய்முறை அச்சாகியிருக்கிறது. மேரியன் டைரி தொகுத்த புத்தகம் அது. இராச் சாப்பாட்டுக்கு வேண்டுமானால் காலைப் பசியாறலின்போதே பச்சைத் தேயிலையைக் கொதிநீரில் போட்டுவிட வேண்டும், கலக்காமல் வடிகட்ட வேண்டும், அப்படியே நிற்கவிட்டு, கடைசியில் ஐஸ் நிறைந்த கிளாசில் ஊற்ற வேண்டும் என்கிறது. ஆறவிட்டு ஊற்று என்று நான் மட்டும் சொல்லவில்லை பார்.

நீ அனுப்பிய படத்தில் கண்ணாடி ஜாடி கலங்கலாக இருந்தது. கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து கொட்டிவிட்டதாகச் சொன்னாய். பாவம், நல்ல தேத்தண்ணி அது. தேயிலைக்கு நிறமும் துவர்ப்பும் தரும் பொருள்கள் சூட்டில் தனித்தனியாகக் கரைந்து நிற்கும். குளிர்ந்ததும் அவை காஃபீனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத துகள்களாகும்; அதுதான் அந்தப் பால் போன்ற கலங்கல். தேயிலை ருசி பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அதைச் சாரம் நிறைந்த தேத்தண்ணிக்கு அடையாளமாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தண்ணீர்ப் பந்தலில் வந்து நிற்கும் பாட்டிக்கு இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. சூடு ஆறும் முன்பே குளிர்ப்பெட்டியில் வைக்காதே, வெளியில் மெதுவாக ஆறவிடு, கலங்கல் குறையும். ஏற்கெனவே கலங்கிவிட்டது என்றால் கொஞ்சம் கொதிநீர் ஊற்றிக் கலக்கு, தெளியும். அசாம் தூளில் இது அதிகம்.

கலங்கவே கூடாது என்றால் பச்சைத் தண்ணீரிலேயே ஊறவைக்கலாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 10 முதல் 12 கிராம் இலைத்தூள், மூடி, இரவு முழுக்கக் குளிர்ப்பெட்டியில். காலையில் வடிகட்டு. குளிர்ந்த தண்ணீர் துவர்ப்பையும் காஃபீனையும் குறைவாகவே இழுக்கும், அதனால் சீனியே வேண்டாம் என்கிற அளவுக்கு மென்மையாக இருக்கும். பொடித்தூளில் இதைச் செய்யாதே, அடியில் சேறு தங்கும். இணையத்தில் பார்த்துவிட்டுப் போத்தலை வெயிலில் வைத்து ஊறவைக்கவும் வேண்டாம். நம் ஊர் வெயில் தண்ணீரை வெதுவெதுப்பாக்கும், கிருமியைக் கொல்லும் சூட்டுக்குக் கொண்டுபோகாது. கிருமி வளர அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

தூள் எது என்று கேட்டாய். தே தாரிக்குக்கென்று விற்கும் பொடித்தூள் பாலோடு மல்லுக்கட்டுவதற்காகவே கலந்தது. ஓ போடுவதற்கு அது முரட்டுத்தனம். கேமரன் மலை இலைத்தூளே போதும். 1929இல் தொடங்கிய போ தோட்டமும் 1933இல் தொடங்கிய பாரத் நிறுவனமும் விற்கும் சாதாரண ரகங்கள் எல்லாக் கடையிலும் இருக்கின்றன. தேயிலை என்றால் மலைதான் என்று நினைக்கிறோம், ஆனால் நம் சிலாங்கூரிலேயே, தெற்கே பந்திங் பக்கம் புக்கிட் சீடிங்கில், போ நிறுவனம் தாழ்நிலத்தில் தேயிலை பயிரிட்டது. நம் வட சிலாங்கூரில் ரப்பர், பிறகு செம்பனை. தேயிலை நம் கைக்கு வந்தது பொட்டலத்தில் மட்டும்தான்.

செம்பனை என்றதும் நினைவுக்கு வருகிறது. உன் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போடப்பட்டது. போட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசு வாங்கியவர். இன்று கடைகளில் தே ஐஸுக்கு ஊற்றும் டின்னைத் திருப்பி எழுத்தைப் படி. பெரும்பாலும் அது கெட்டிப்பால் இல்லை, இனிப்புக் கிரீமர். பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்த்தது. நம் ஆட்கள் குலை வெட்டிய மரத்தின் எண்ணெய்க்கு, சீனியும் சேர்த்து, நாமே காசு கொடுக்கிறோம்.

சீனியைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேசப் போகிறேன். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத் தெரியும். சூட்டில் சரியாக இருந்த இனிப்பு ஐஸ் போட்டதும் போதவில்லை என்று தோன்றும், கை தானாக டப்பாவுக்குப் போகும். கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சீனி. ஒரு மேசைக்கரண்டியில் 10 கிராமுக்குக் குறையாது, கடைக்காரர் மூன்று ஊற்றுவார். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடம்தான் அதிகம். புள்ளிவிவரத்தை விடு, உன் வீட்டு வரிசையிலேயே காலில் புண் ஆறாதவர்களை நீ எண்ணிப் பார்க்கலாம். அவர்கள்தான் பந்தலுக்கும் வருவார்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், கோயிலில் கொடுப்பதை எப்படி மறுப்பது?

அரசாங்கம் 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டபோது 100 மில்லிக்கு 5 கிராம் சீனியைக் கோடாக வைத்தது. அதைத் தாண்டினால் அப்போது லிட்டருக்கு 40 காசு. வரி ஆலைப் பானத்துக்குத்தான், உன் ஜாடிக்கு இல்லை. இருந்தாலும் அந்தக் கோட்டையே உன் மேல் வரம்பாக வைத்துக்கொள்: பத்து லிட்டருக்கு அரைக் கிலோ, அதற்கு மேல் ஒரு கரண்டி கிடையாது. நீ பாதியாகக் குறைத்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், எலுமிச்சையும் இஞ்சியும் சரியாக இருந்தால். சீனி போடாத ஜாடி ஒன்றைத் தனியாக வை, அதைப் பின்னால் ஒளிக்காமல் முன்னால் வை. இன்னொன்று: சீனியைச் சூட்டிலேயே கரைத்துவிடு. குளிர்ந்த பிறகு போட்டால் அடியில் தங்கி, கடைசி மடக்கில் மட்டும் இனிக்கும். கடையில் ஆளுக்கு ஆள் அளவு மாறுமென்றால் சம அளவு சீனியும் தண்ணீரும் காய்ச்சிய பாகைப் போத்தலில் வைத்துக்கொள். கூராங் மானிஸ், இனிப்புக் குறைவாக, என்று கேட்கிறவருக்கு அதில் பாதி.

பந்தலுக்கான அளவைச் சொல்லிவிடுகிறேன். குடிக்கும் நிலையில் பத்து லிட்டர் வேண்டுமென்றால் 100 கிராம் தூள். ஐந்து லிட்டர் கொதிநீரில் ஊறவைத்து வடிகட்டு, சூட்டிலேயே சீனியைக் கரை, இரண்டு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர் சேர், ஆறவிடு. மீதி மூன்று லிட்டர் எது? ஐஸ்தான், மூன்று கிலோ. தூள் அளவைப் பத்து லிட்டருக்கு வைத்தோமே தவிர ஏழு லிட்டருக்கு வைக்கவில்லை என்பதைக் கவனி. முழு ஐஸையும் ஒரே நேரத்தில் அண்டாவில் கொட்டாதே, கால் மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. நடுவில் ஓட்டை உள்ள குழாய் ஐஸ் சீக்கிரம் உருகும். முடிந்தால் அதே தேத்தண்ணியில் கொஞ்சத்தை முந்தின இரவே சின்ன டப்பாக்களில் ஊற்றி உறையவைத்துவிடு, உருகினாலும் நீர்த்துப்போகாது.

ஐஸ் எங்கே வாங்குகிறாய் என்பதைக் கேட்காமல் விட மாட்டேன். பாசிர் பெனாம்பாங்கில் மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ் மலிவு என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது மீனுக்கு. குடிக்கும் தண்ணீரில் செய்து பையில் முத்திரையோடு வருவதை மட்டும் வாங்கு, தரையில் வைக்காதே, கையை விடாதே, கரண்டிக்கு என்று தனிப் பாத்திரம் வை. தண்ணீருக்கும் இதே கதைதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை தூக்கலாக இருக்கும் நாளில் மூடியைத் திறந்துவைத்துக் கொதிக்கவிடு. ராஜா மூசா சதுப்புக் காட்டு ஓரக் கால்வாய்களில் தண்ணீர் தானே தேத்தண்ணி நிறத்தில் ஓடுவதைப் பார்த்திருப்பாய். மக்கிய இலையும் மரமும் இறக்கிய சாயம் அது. அந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் எடுப்பவர்கள் யாராவது உனக்கு உதவ வந்தால், நன்றி சொல்லிவிட்டுக் குழாய்த் தண்ணீரையே எடு.

எலுமிச்சைக்கு லீமாவ் கஸ்தூரியைவிட வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கிளாசுக்கு இரண்டு பழம். விதை நசுங்காமல் வடிகட்டியின் மேல் பிழி, தோலை ஒன்றுக்கு மேல் உள்ளே போடாதே, அதுவும் தேத்தண்ணி ஆறிய பிறகுதான். சூட்டில் போட்டால் தோலின் எண்ணெய் இறங்கிக் கசக்கும். பிழிந்ததும் தேத்தண்ணியின் நிறம் ஒரே நொடியில் வெளிறும். புளிப்பு, அந்தச் சிவப்புச் சாயத்தின் தன்மையை மாற்றுவதால் வரும் வெளிறல் அது, நீர்த்துப்போனதால் வந்ததல்ல. தூளைக் கூட்ட ஓடாதே. பாலும் எலுமிச்சையும் ஒரே கிளாசில் சேரவே கூடாது, திரிந்துபோகும். அண்டாவில் மொத்தமாகவும் பிழிந்துவைக்காதே, இரண்டு மணி நேரத்தில் அந்தப் புத்துணர்ச்சி போய்விடும். கொடுக்கும்போது பிழி.

லைச்சி, மார்க்கிசா, ஜவ்வரிசி முத்து என்று நீ எழுதி வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்தேன். லைச்சி டின்னில் இருப்பது சீனிப்பாகு, அதை ஊற்றினால் மேலே சொன்ன கோடு எங்கோ போய்விடும். சந்தையில் அதை ஏற்கெனவே பலர் விற்கிறார்கள். நம் அடுப்படியில் இருப்பதைப் பார்: நசுக்கிய இஞ்சி, ஒரு தண்டு செரை (எலுமிச்சைப்புல்), முடிச்சுப் போட்ட பண்டான் இலை. மூன்றில் ஏதாவது ஒன்றை மட்டும் தண்ணீர் கொதிக்கும்போதே போட்டு, பிறகு தூளைப் போடு. பானகத்தில் சுக்கும் எலுமிச்சையும் சேர்ந்து என்ன செய்கிறது என்று தெரிந்த நாக்கு நம்முடையது. இஞ்சி தே ஓ ஐஸ் லீமாவ் அந்த நாக்குக்கு உடனே பிடிபடும். அசாம்போய் (காய்ந்த உப்புப் பிளம்) போடுவதென்றால் சீனியைக் குறை, அதிலேயே உப்பும் இனிப்பும் இருக்கின்றன.

கடை போடுவதற்கு முன் உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் முடித்துவிடு, 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளில் உள்ளவை இவை. உரிமத்துக்கு நகராண்மைக் கழகத்தில் கேள். வடிகட்டும் துணியை அன்றாடம் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவை, ஈரத்தோடு மடித்து வைத்த துணியின் வாடை எந்த இஞ்சிக்கும் அடங்காது. போட்ட தேத்தண்ணி ஐஸ் இல்லாமல் வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றால் கொட்டிவிடு, அடுத்த நாளுக்கு மிச்சம் பிடிக்காதே. விலை வைக்கும்போது ஐஸுக்கும் தனியாகக் காசு கணக்குப் போடு. பலரும் தூளுக்கும் சீனிக்கும் போட்டுவிட்டு அதை மறந்து, மாதக் கடைசியில் லாபம் எங்கே என்று தேடுகிறார்கள்.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பத்து லிட்டரை ஒரு தடவை முழுதாகப் போட்டுப் பார். அண்டாவைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குடித்துப் பார். முதல் கிளாசைவிட அந்தக் கிளாஸ்தான் முக்கியம். மத்தியானத்துக்கு மேல் நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். சீனி போடாத ஜாடியிலிருந்து எனக்கு ஒன்று எடுத்து வை, இஞ்சி கொஞ்சம் தூக்கலாக.

அன்புடன்,
அக்கா